காஜா மொய்தீன் கழற்றிய ஸ்டீரிங்

வில்லியனூரில் மரியதாஸின் மோட்டார் பட்டறைக்கு அந்த வண்டி வந்து நின்றபோது காஜா மொய்தீன் ஒரு லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தான். வண்டியை அவன் பார்க்கவில்லை. இஞ்சின் அடங்கிய சத்தம்தான் காதில் விழுந்தது. இரண்டு இருமல், அப்புறம் நீளமாக ஒரு முனகல். ஐந்து வருஷம் தினம் கேட்ட முனகல் அது. 

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "யாரு வண்டிங்க?"

"பாகூர் சிவப்பிரகாசம் ஐயா வண்டி" என்றான் ஓட்டி வந்தவன். பெயர் பக்கிரி. டிரைவராகச் சேர்ந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது என்பதால் அவனுக்குக் காஜாவைத் தெரியாது. "திருக்கனூர்ல சம்பந்தி வூட்டு ஆளுங்கள எறக்கிட்டு வரேன் பாய். ஸ்டீரிங்கு கையில நிக்க மாட்டேங்குது. தண்டே மேலயும் கீழயும் துள்ளுது. பாகூர் வரைக்கும் ஓட்ட எனக்கு தெகிரியம் இல்ல. ஞாயித்துக்கெழமைக்குள்ள வேணும். ஐயா எலக்ஷன்ல நிக்கிறாரு, ஊர் ஊரா போவணும்."

காஜா வண்டியைச் சுற்றி வந்தான். ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடமிருந்து வாங்கிய பழைய பிரான்சு வண்டி. மடிக்கிற மேல்மூடி இப்போது கிழிந்திருந்தது. முன் மட்கார்டை நிமிர்த்திப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அது எங்கே மோதி நசுங்கியது என்பது காஜாவுக்குத் தெரியும்.

"வுட்டுட்டுப் போங்க" என்றான். "நான் பாத்துக்கறேன்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தோராம் வருஷம் ஆனி மாதம் காலை பத்து மணிக்கு, பாகூர் ஏரிக்கரைத் திருப்பத்தில் இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போனவன் காஜா. பின்சீட்டில் சிவப்பிரகாசம். பாகூரில் ஏரிப் பாசன நிலத்தில் பாதி அவருடையது என்று சொல்வார்கள். ஸ்டீரிங் தண்டைத் தாங்கும் போல்ட்டுகள் தளர்ந்துவிட்டன என்று அந்த மாதத்தில் மட்டும் மூன்று தடவை காஜா அவரிடம் சொல்லியிருந்தான்.

"வண்டின்னா ஆடத்தாண்டா செய்யும்" என்றார் அவர். "மாடு தலய ஆட்டறதில்லையா? அதுக்காவ ஏர வுட்டுட்டு நிப்பியா?"

அன்று திருப்பத்தில் ஸ்டீரிங் சக்கரத்தை வளைத்தபோது தண்டு அடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு மேலே எழும்பியது. சக்கரம் கையில் இருந்தது. வண்டி அவன் கையில் இல்லை. "ஐயா, தண்டு வந்துடுச்சு!" என்று கத்தினான். எதிரே மணப்பட்டிலிருந்து மீன் கூடையோடு புருஷனும் பெண்டாட்டியுமாக வந்துகொண்டிருந்தார்கள். புருஷன் இருசப்பன் பனைமரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் சிக்கி அங்கேயே செத்தான். பெண்டாட்டி காசம்மாள் இடது பாதம் நசுங்கி மயங்கி விழுந்தாள். காஜா தூக்கி எறியப்பட்டு நினைவு தப்பிக் கிடந்தான். சிவப்பிரகாசத்துக்கு நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான்.

போலீஸ் சிப்பாய்கள் வந்து பார்த்தபோது இருசப்பனின் உடம்பு இன்னும் மரத்தோடுதான் இருந்தது, ஆனால் ஸ்டீரிங் கெட்டியாக இருந்தது. கோர்ட்டில் சிவப்பிரகாசம் கையைத் தூக்கிச் சத்தியம் செய்தார். "வண்டியில் ஒரு பழுதும் இல்லை. இவன் குடித்திருந்தான். என் மூக்கில் சாராய வாடை அடித்தது."

இரண்டு வருஷம் ஜெயில். ஜெயிலைவிட அந்த வார்த்தைதான் காஜாவை அறுத்தது. ஐந்து வேளை தொழுகிறவன் அவன். சாராயக்கடை இருக்கிற தெருவில்கூட நடக்கமாட்டான். நிச்சயம் பண்ணியிருந்த மெஹர் நிஷாவை அவளுடைய அண்ணன் வேறு இடத்தில் கட்டிக்கொடுத்தான். பள்ளிவாசல் முற்றத்தில், வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த கூட்டத்தில், "குடிகாரப் பயலுக்கு என் தங்கச்சியக் குடுக்க மாட்டேன்" என்று அவன் சொன்னது ஜெயிலுக்குள் வந்து சேர எட்டு நாள்தான் ஆனது. காஜாவின் வாப்பா அதற்கப்புறம் பள்ளிவாசலில் கடைசி வரிசையில் நின்று தொழுது, கடைசி வரிசையிலிருந்தே மவுத்தானார்.

வெளியே வந்தபோது ஓட்டுகிற லைசென்சு இல்லை. மரியதாஸ்தான் கூப்பிட்டு ஸ்பேனரைக் கையில் கொடுத்தான்.

பக்கிரி போனதும் காஜா மிதிபலகையைக் கழற்றினான். ஸ்டீரிங் தண்டின் அடிப்பெட்டி சட்டத்தோடு சேர்கிற இடத்தில் நான்கு போல்ட் இருக்க வேண்டும். ஒன்றுதான் முழுசாக இருந்தது. மற்ற மூன்றும் ஒடிந்து, ஒடிந்த வாயில் துரு தடித்துப்போயிருந்தது. அவற்றின் இடத்தில் பெட்டியைச் சுற்றி ஒரு இரும்புப் பட்டை. கட்டை வண்டிச் சக்கரத்துக்குப் போடுகிற பட்டா இரும்பு. கொல்லன் அதைக் காய்ச்சி வளைத்து ஆணி அறைந்திருந்தான். பட்டைக்கும் பெட்டிக்கும் நடுவே இடைவெளி தெரியாமலிருக்க ஏதோ தோலை மடித்துத் திணித்திருந்தார்கள். அந்தத் தோல் தேய்ந்துபோனதால்தான் தண்டு இப்போது மறுபடி துள்ள ஆரம்பித்திருக்கிறது.

உளியால் ஆணியைத் தட்டிப் பட்டையை எடுத்தான். தோலை உருவி விரித்தான்.

அது அவனுடைய பெல்ட். டிரைவர் வேலைக்குச் சேர்ந்தபோது காக்கிக் கோட்டோடு கொடுத்தது. ஒல்லி இடுப்புக்கு நிற்காமல் அவனே ஊசியால் குத்திய இரண்டு ஓட்டைகள், ஒன்று நேராக, ஒன்று கோணலாக. ஏரிக்கரையில் தூக்கி எறியப்பட்ட அன்று அறுந்து விழுந்த பெல்ட்.

காஜா கணக்குப் போட்டுப் பார்த்தான். அவன் நினைவில்லாமல் கிடந்தபோது, இருசப்பனின் உடம்பை மரத்திலிருந்து எடுப்பதற்கு முன்பாகவே, கொல்லனை வரவழைத்திருக்கிறார்கள். கைக்கு அகப்பட்டது அவனுடைய பெல்ட். அதை வெட்டி, அதை வைத்தே இறுக்கி, அதற்கப்புறம்தான் சிப்பாய்களுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

அன்று மத்தியானம் அவன் சோறு தின்னவில்லை. புது போல்ட் நான்கை எடுத்துப் பலகையில் வைத்தான். அரத்தை எடுத்தான். ஒரு போல்ட்டின் கழுத்தில் அரத்தை வைத்து இழுத்தான். கால்வாசி போனது. இன்னும் கொஞ்சம் போனால் போதும், அப்புறம் மற்ற மூன்றிலும் இதேபோல. பெட்டியில் மாட்டி, மேலே கிரீஸ் பூசிவிட்டால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. பத்து மைல் தாங்கும், பதினைந்து மைல் தாங்கும். ஏரிக்கரைத் திருப்பத்தில் தாங்காது.

அவன் கையை நிறுத்தியது இரக்கம் இல்லை. இரக்கம் என்று பிற்காலத்தில் சிலர் சொன்னபோது அவனே மறுத்தான். முதலில் பக்கிரியின் முகம் வந்தது. சக்கரத்துக்குப் பின்னால் உட்காரப்போகிறவன் அவன்தானே. இரண்டாவதாக வந்ததுதான் பெரிசு. சிவப்பிரகாசம் செத்துப்போனால் பூமாலை போட்டு, மேளம் கொட்டி, நல்ல மனுஷன் என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போவார்கள். காஜா குடிகாரனாகவே இருப்பான். செத்தவன் வாயைத் திறந்து யார் என்ன வாங்க முடியும்? அந்த வாய் அவனுக்கு உயிரோடு வேண்டும்.

அரம் பட்ட போல்ட்டைப் பட்டறைக்குப் பின்னால் இருந்த சாக்கடையில் எறிந்துவிட்டு, பட்டையையும் பெல்ட்டையும் சாக்கில் சுருட்டிக்கொண்டு மணப்பட்டுக்குப் புறப்பட்டான்.

காசம்மாள் மணலில் காலை நீட்டி உட்கார்ந்து வஞ்சிர மீனை நறுக்கிக்கொண்டிருந்தாள். கட்டைபோலத் திரும்பிப்போன இடது பாதத்தின்மேல் ஈரச்சாக்கு. அவனைப் பார்த்ததும் கத்தியை நிறுத்தவில்லை.

"வந்துட்டியா? என் தாலிய அறுத்தது போதலன்னு வாசல் வரைக்கும் வந்துட்டியா? குடிகாரப் பாவி. போயிடு. கையில கத்தி கீது."

காஜா மணலில் குந்தினான். சாக்கைப் பிரித்து அவள் முன்னால் வைத்தான். ஒடிந்த போல்ட்டுகள் எப்படி இருந்தன, பட்டை எங்கே இருந்தது, பெல்ட் எப்படி உள்ளே போனது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். அவள் பெல்ட்டை எடுத்து அந்த இரண்டு ஓட்டைகளையும் விரலால் தடவிப் பார்த்தாள். அவன் இடுப்பைப் பார்த்தாள்.

"அவுரு அரிசி அனுப்பிச்சாரு" என்றாள் கடைசியில். குரல் மாறியிருந்தது. "கருமாதிக்கு மூணு மூட்ட. ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு மூட்ட. மகராசன், மகராசன்னு கும்புட்டுக்கினு தின்னேன். என் ஊட்டுக்காரன் மரத்துல தொங்கிக்கினு இருந்தப்போ இத்த வெச்சி கட்டிக்கினு இருந்தானா அவன்?"

"ஆமாங்க."

அவள் கத்தியை மீனின் தலையில் ஓங்கிக் குத்தி நிறுத்தினாள். "எப்ப வருவான் வண்டிய எடுக்க?"

"சனிக்கெழமை காலையில வண்டி போய்ச் சேரலன்னா அவரே வருவாரு. அன்னிக்கி சந்தை."

"கருவாட்டு வண்டி ஒண்ணு வில்லியனூருக்கு வருது. நான் வரேன். வண்டிய ஆரையும் தொட வுடாத."

சனிக்கிழமை சந்தை கூடியிருந்தது. வண்டி பட்டறை வாசலில் நின்றது. பின்சீட்டில், சிவப்பிரகாசம் எப்போதும் சாய்ந்து உட்காருகிற வலது மூலையில், காசம்மாள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மீன் தண்ணீர் தோல் மெத்தையில் வழிந்தது. சந்தைக்கு வந்தவர்கள் நின்று நின்று பார்த்தார்கள்.

மரியதாஸ் காஜாவின் காதருகே வந்தான். "டேய், என் பட்டறைய மூடிடுவானுங்கடா."

"வேணாம்னா சொல்லுண்ணே. தெருவுல தள்ளிக்கினு போயி வெச்சிக்கறேன்."

மரியதாஸ் நடக்கட்டும் என்று கையை வீசினான். பிறகு உள்ளே போய்விட்டான்.

பதினோரு மணிக்கு ஜட்கா வண்டியில் சிவப்பிரகாசம் வந்து இறங்கினார். கூடவே பக்கிரி, பின்னால் இன்னொரு ஜட்காவில் தேர்தலுக்கு வேலை செய்கிற பாகூர்க்காரர்கள் நான்கு பேர். அவர் முதலில் பார்த்தது காசம்மாளை.

"எவடி அவ? எறங்குடி கீழ!"

"மணப்பட்டு இருசப்பன் பொண்டாட்டி. அரிசி மூட்டக்காரி. அடையாளம் தெரியல?"

பிறகுதான் காஜாவைப் பார்த்தார். முகம் ஒரு கணம் வெளிறி, அப்புறம் சிவந்தது. "நீயா? என் வண்டிய எதுக்கு தொட்ட?"

காஜா பட்டையையும் பெல்ட்டையும் தூக்கிக் காட்டினான். சத்தமாகவே பேசினான். "ஐயா, ஒடஞ்சிபோன போல்ட்டு மூணு. மேல உங்கூரு கொல்லன் போட்ட பட்டா. உள்ள என் இடுப்பு பெல்ட்டு. அன்னிக்கி ஏரிக்கரையில வுழுந்தது. இது எப்படிங்க உள்ள போச்சு?"

சந்தைக்கு வந்தவர்கள் நெருங்கி வந்தார்கள். பாகூர்க்காரர்கள் நான்கு பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"எந்த மாட்டுத் தோலோ!" என்றார் சிவப்பிரகாசம். "வண்டி அன்னிக்கும் நல்லா இருந்தது, இன்னிக்கும் நல்லா கீது. பக்கிரிக்கு ஓட்டத் தெரியல. இதே பட்டாவோட நானே ஓட்டியிருக்கேன். ஒரு ஆட்டம் கெடயாது."

காஜா காத்திருந்தது அந்த வார்த்தைக்காகத்தான் என்று அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. "சரிங்க. நல்லா கீதுன்னா அப்படியே மாட்டித் தரேன். நீங்களே ஓட்டுங்க. ஆத்தங்கர வரைக்கும். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

"நான் பின்னால" என்றாள் காசம்மாள். "ஏங்க, பயமா? ஓட்டு கேக்க வந்த ஆம்பள இல்ல நீங்க?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவரை வண்டியில் ஏற்றியது.

காஜா பட்டையை மாட்டினான், பெல்ட் இல்லாமல். வழியில் ஆள், மாடு எதுவும் நிற்காமல் பார்த்துக்கொள்ள பக்கிரியை முன்னால் ஓடச் சொன்னான். சங்கராபரணி ஆற்றுக்கு இறங்கும் சரிவின் முடிவில் இடுப்பளவு மணல் மேடு இருப்பதைக் காலையிலேயே போய்ப் பார்த்து வந்திருந்தான். நடுவில் இருந்த கைபிரேக்கின்மேல் தன் இடது கையை வைத்துக்கொண்டான்.

முதல் நூறு கஜம் நேர்ச்சாலை. சிவப்பிரகாசம் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார். வண்டி நடை வேகத்தில் போனது, கூட்டம் இரண்டு பக்கமும் கூடவே வந்தது. "பாத்துக்கடா!" என்றார். சரிவு தொடங்கும் இடத்தில் சாலை வளைந்தது. சக்கரத்தைத் திருப்பினார். தண்டு ஒரு சாண் மேலே எழும்பி அவர் மார்பில் இடித்தது.

"டேய்! டேய், தண்டு வருதுடா!"

"அன்னிக்கி நானும் இதான் கத்தனேன்" என்றான் காஜா. "நீங்க பின்னால உக்காந்து கேட்டீங்க. கேட்டீங்களா, இல்லையா?"

வண்டிக்கு வேகம் ஏறியது. கால் பிரேக் அந்த வண்டியில் எப்போதும் பாதிதான் பிடிக்கும். சிவப்பிரகாசம் இரண்டு கையாலும் சக்கரத்தை அமுக்கினார். அது செக்கு உலக்கை போல ஆடியது.

"கைபிரேக்கப் போடு! போடுடா!"

"குடிச்சிருந்தானா?" பின்னாலிருந்து காசம்மாள் கேட்டாள். அவள் குரல் நாலு தெருவுக்குக் கேட்கும் மீன்காரக் குரல். "சொல்லு. அன்னிக்கி இவன் குடிச்சிருந்தானா?"

ஆறு நெருங்கிவிட்டது. காஜாவின் கை கைபிரேக்கின்மேல் அசையாமல் இருந்தது. அவனுக்குள் ஒன்று, கேட்காதே, இழுக்காதே, மூன்று பேரும் போகட்டும் என்றது. அந்த ஒரு நிமிஷம் அவனுக்கு இனித்தது. அதை அவன் கடைசிவரை மறைக்கவில்லை.

"குடிக்கல!" சிவப்பிரகாசம் அலறினார். வேட்டி நனைந்துவிட்டது. "குடிக்கல, சாமி! தண்டுதான் போச்சு. எனக்குத் தெரியும். நான்தான் கட்டச் சொன்னேன். நிறுத்துடா, நிறுத்துடா!"

ஓடி வந்தவர்களுக்கும் கேட்டது, ஆற்றிலிருந்து துணி மூட்டையோடு ஏறி வந்தவர்களுக்கும் கேட்டது. காஜா இழுத்தான். வண்டி அலைந்து, மணல் மேட்டில் மூக்கைப் புதைத்து நின்றது. கூடை கவிழ்ந்து மீன்கள் சிவப்பிரகாசத்தின் தோளிலும் மடியிலும் கொட்டின.

அவர் இறங்கி மணலில் உட்கார்ந்தார். பாகூர்க்காரர்கள் நான்கு பேரில் ஒருவர்கூடக் கைகொடுக்கவில்லை.

காஜா அதோடு விடவில்லை. அன்றே வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிவரச் செய்து, இரண்டு நாள் வேலை பார்த்தான். ஒடிந்த துண்டுகளைத் துளைபோட்டு எடுத்து, நான்கு புது போல்ட்டும் ஸ்பிரிங் வாஷரும் போட்டான். மேல் தாங்கிக்குப் பித்தளை வளையமாகப் புஷ் கடைந்து, தண்டைப் பிடித்து நான்கு பேர் தொங்கினாலும் மயிரிழை அசையாதபடி இறுக்கினான். பக்கிரியிடம் சொன்னான், "உங்க ஐயாகிட்ட சொல்லு. குடிகாரன் செஞ்ச வேலை. ஒரு ஆட்டம் கெடயாதுன்னு சொல்லு."

காசம்மாளுக்கு வேறு வேலை இருந்தது. நசுங்கிய காலை இழுத்துக்கொண்டு பாகூர் கொம்யூனின் ஊர்கள் முழுக்க மீன் விற்றாள். வாசல் வாசலாகப் போய், மீனோடு சேர்த்து அந்தக் கதையையும் இறக்கினாள். ஊருக்கு ஊர் சிவப்பிரகாசத்தின் அலறலை அவரைப்போலவே அலறிக்காட்டினாள். தேர்தலில் அவர் நின்றார், தோற்றார். அவர் அனுப்பிய அடுத்த அரிசி மூட்டையை அவள் ஏரிக்கரை வரைக்கும் ஆளை வைத்துத் தூக்கிவந்து, அந்தத் திருப்பத்தில் பிரித்துக் கொட்டிவிட்டுப் போனாள். காக்கைகள் இரண்டு நாள் தின்றன. சிவப்பிரகாசம் வண்டியை விழுப்புரத்து வியாபாரி ஒருவருக்கு விற்றார். அதற்குப் பிறகு அவர் எந்த மோட்டாரிலும் ஏறவில்லை, மாட்டு வண்டியில்தான் போனார். எதிரே காஜா வந்தால் வண்டிக்காரன் மாட்டை வேறு தெருவில் திருப்புவான். அதைப் பார்ப்பதற்காகவே காஜா வேலை இல்லாத நாட்களில் பாகூர்ப் பக்கம் போய் வந்தான்.

கோர்ட்டுக்கு மனு எழுதிப்போட்டான். பதில் வரவில்லை. காகிதத்தில் அவன் கடைசிவரை குடிகாரன்தான்.

மெஹர் நிஷாவின் அண்ணன் ஒருநாள் பட்டறைக்கு வந்து, "தப்பாப் பேசிட்டேன், மனசுல வெச்சிக்காத" என்றான்.

"எங்க வெச்சிப் பேசினீங்களோ அங்க வெச்சிச் சொல்லுங்க" என்றான் காஜா. அடுத்த ஜும்மாவில் முற்றத்தில் எல்லோர் முன்னாலும் அவன் சொன்னான். காஜா கேட்டுக்கொண்டு நின்றான். சலாம் சொல்லவில்லை.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒருநாள் காசம்மாள் கூடையோடு வில்லியனூர் வந்தாள். பட்டறை வாசலில் இறக்கிவைத்து அவனுக்குச் சங்கரா மீன் நான்கு எடுத்துப் போட்டாள். காஜா ஏதோ நல்ல வார்த்தை சொல்ல வாயெடுத்தான்.

"ஒண்ணு கேக்கறேன் பாயி" என்றாள் அவள். "தண்டு ஆடுதுன்னு உனக்கு முன்னாலயே தெரியும். மூணு வாட்டி சொன்னன்னு நீதான சொன்ன."

"ஆமா."

"நாலாவது வாட்டி சாவிய அவன் மூஞ்சில எறிஞ்சிட்டு ஊட்டுக்குப் போயிருக்கலாம் இல்ல? வேல போயிருக்கும். என் ஊட்டுக்காரன் இருந்திருப்பான்."

காஜா குனிந்து மீன்களைப் பொறுக்கினான். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"அவன உன்கூட சேந்து அழிச்சேன். சரி. உன்ன மன்னிச்சிட்டேன்னு மட்டும் எங்கயும் சொல்லிக்காத" என்று கூடையைத் தலைக்கு ஏற்றினாள். சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு, சேற்றில் ஒரு காலை ஊன்றி ஒரு காலை இழுத்து நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் "மீனே... மீனோய்" என்று அவள் கூவுவது கேட்டது. மழை மறுபடி தூறத் தொடங்கியது. காஜா மொய்தீன் மீனைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் குரல் கடைத்தெரு தாண்டி மங்குகிற வரைக்கும் வாசலிலேயே நின்றான்.